வாஷர் நடக்கும் வழி

கொரட்டூர்
9 ஜூன் 2025

உங்களுக்கு,

'அன்புள்ள' என்று ஆரம்பிக்க மனசு வரவில்லை. பேனாவை எடுத்தபோது வந்தது, காகிதத்தில் வைத்ததும் போய்விட்டது. உங்கள் நம்பரை பிளாக் செய்திருக்கிறேன். போனில் பேசினால் இரண்டு பேரும் கத்துகிறோம், பக்கத்து வீட்டில் டீவியை நிறுத்திவிட்டுக் கேட்கிறார்கள். இனிமேல் எழுதியே சண்டை போடலாம், சத்தம் வெளியே போகாது.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சொன்னது இன்னும் காதிலேயே நிற்கிறது. "வாஷரை பாபுகிட்ட விட்டுட்டு நீ மட்டும் கெளம்பி வா." என்னமோ இரவல் வாங்கிய குடையைத் திருப்பிக் கொடுக்கச் சொல்கிற மாதிரி! பதினாலு வயசு நாய். அவனை இந்த வீட்டுக்குக் கொண்டுவந்தது நானா? கொட்டுகிற மழையில், அம்பத்தூர் எஸ்டேட்டில் போல்ட்டுக்குப் போடுகிற வாஷர் வந்த அட்டைப்பெட்டிக்குள் சுருண்டு கிடந்த குட்டியைப் பெட்டியோடு வண்டியில் வைத்துக்கொண்டு வந்து, "ரெண்டு நாள் இருக்கட்டும் சுதா, அப்புறம் பாத்துக்கலாம்" என்றது யார்? பேர் வைத்ததும் நீங்கள்தான். டூல் ரூம் ஆளுக்கு வேறு என்ன பேர் தோன்றும்.

உங்கள் கம்பெனி அம்பத்தூரைக் காலி செய்துவிட்டு நாக்பூருக்குப் போகிறது என்று மெஷின்களைப் பிரித்து லாரியில் ஏற்றினார்கள், கூடவே நீங்களும் ஏறிக்கொண்டீர்கள். நானும் வாஷரும் மெஷின் இல்லை. போல்ட்டைக் கழற்றி எடுத்துப்போய் அங்கே மாட்ட முடியாது.

இதோ ஆனி பிறக்கப் போகிறது. ஆனியில் புது வீட்டில் பால் காய்ச்ச மாட்டார்கள். அடுத்தது ஆடி. ஆடியில் யாராவது வீடு மாறுவார்களா?

சாயங்காலம் ஆனால் அவனுக்கும் எனக்கும் இருப்புக் கொள்வதில்லை. அவன் பின்னங்காலை இழுத்துக்கொண்டு அறைக்கு அறை சுற்றுகிறான், நான் அவன் பின்னால் சுற்றுகிறேன். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேலே இவனை எப்படிக் கூட்டிக்கொண்டு வருவது? அதற்கு ஒரு வழி சொல்லுங்கள். பாபு பேரை மட்டும் எடுக்காதீர்கள்.

சுதா

*

புட்டிபோரி, நாக்பூர்
17 ஜூன் 2025

சுதா,

கடிதம் கிடைத்தது. கையெழுத்திலேயே கத்தல் கேட்டது.

பாபுவிடம் விடச் சொன்னதில் என்ன தப்பு என்று எனக்குத் தெரியவில்லை. என்னோடு அத்தனை வருஷம் வேலை பார்த்தவன். நாய் என்றால் உயிர். மண்ணூர்பேட்டையில் அவன் வீட்டு முன்னால் இடம் இருக்கிறது. நாயைக் கொண்டுபோய்த் தெருவிலா விடச் சொன்னேன்?

ரயிலுக்கு விசாரித்தேன். முதல் வகுப்பில் தனி அறை கிடைத்தால் நாயைக் கூடவே வைத்துக்கொள்ளலாம். கிடைக்குமா என்பது கடைசிவரை தெரியாது என்கிறார்கள். இல்லையென்றால் கார்டு பெட்டியில் கூண்டு. ஸ்டேஷனுக்குப் போய் அந்தக் கூண்டைப் பார்த்தேன். பார்த்துவிட்டு வந்துவிட்டேன். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

ஆனி கூடாது. ஆடி கூடாது. ஆவணி வந்தால் ஸ்கூல் ஆபீஸில் லீவு கிடைக்காது என்பாய். புரட்டாசி கூடாது, மார்கழி கூடவே கூடாது. நீ கும்பிடுகிற சாமியெல்லாம் ஒன்றுகூடி எனக்கு எதிராகவே பஞ்சாங்கம் போட்டிருக்கிறதா?

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. சரி, கோபப்பட்டாலும் பரவாயில்லை. கல்யாணமாகி மண்ணூர்பேட்டையிலிருந்து கொரட்டூருக்கு வந்தாய். சைக்கிளில் போய்விட்டு வருகிற தூரம். அதற்கே ஒரு வருஷம் அழுதாய். உங்கள் வீட்டிலிருந்து தினமும் தூக்கில் குழம்பு வந்துகொண்டிருந்தது. நான் ஊரை விட்டு வந்தவன், எனக்கு அது சிரிப்பாக இருந்தது. இப்போது நாய்க்குக் கால் வரவில்லை என்கிறாய். கால் வராதது நாய்க்கா, உனக்கா? வர இஷ்டமில்லையென்றால் நேராகச் சொல். நாயின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளாதே.

இங்கே வீடு சின்னது. கேன்டீனில் காலையில் அவல், மத்தியானம் ரொட்டி, ராத்திரியும் ரொட்டி. மழை இன்னும் வரவில்லை.

நாய்க்கு மூட்டு மாத்திரை தீர்ந்திருக்குமே, வாங்கினாயா?

ஹேமநாதன்

*

கொரட்டூர்
30 ஜூன் 2025

உங்களுக்கு,

ஒளிந்துகொள்கிறேனா நான்? அதைப் படித்ததும் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. ஸ்கூலில் போய் வேலையை விடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆனியாவது ஆடியாவது, நாளைக்கே போய் இறங்கி இந்த மனுஷன் மூஞ்சியைப் பார்க்கிறேன் என்று மூட்டை கட்ட ஆரம்பித்தேன். எதிர்வீட்டு உதயகுமாரையும் அவன் தம்பியையும் கூப்பிட்டு, பாத்திரம் கட்ட இடம் வேண்டும் என்று பீரோவை வாசல் பக்கம் நகர்த்தச் சொன்னேன்.

அதோடு முடிந்தது.

வாஷர் தூங்கி எழுந்து வழக்கம்போல் வாசலுக்கு வந்தான். நேராக வந்து பீரோவில் மோதினான். பின்னால் போய் மறுபடி வந்து மோதினான். அப்புறம் அதை முகர்ந்து பார்த்தான். தப்புச் செய்தவன் மாதிரி தலையைத் தொங்கப்போட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். என்னை இல்லை. நான் நின்ற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, சுவரைப் பார்த்தான்.

ஆட்டோ பிடித்து முகப்பேரில் சபீனா டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். கண்ணில் விளக்கு அடித்தார். பஞ்சைக் கண் முன்னால் போட்டுப் பார்த்தார். அவன் அசையவே இல்லை.

"சுத்தமா பார்வை இல்லைங்க. இப்ப போனதில்ல, போன வருஷமே போயிருக்கும்."

"வீட்ல ஓடுறானே டாக்டர், ஏரிக்கரைக்கு வர்றானே!"

"வீட்டை மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கான். வெளிய போனா உங்க காலை ஒட்டிக்கிட்டே வருவானே, கவனிச்சதில்லையா?"

கவனித்தேன். வயசாக ஆகப் பாசம் கூடிவிட்டது என்று எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். கண்ணில் வெள்ளை படர்ந்தபோது நமக்கு நரை வருகிற மாதிரிதானே என்று விட்டுவிட்டேன். தினம் என் கையால் சோறு போட்டும் எனக்குத் தெரியவில்லை. என்ன ஜென்மம் நான்!

கூட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்டேன். உடம்பு தாங்கும்தான், போவதா வேண்டாமா என்பதை நான் சொல்ல முடியாது என்றுவிட்டார்.

பீரோவைப் பழைய இடத்துக்கே தள்ளிவிட்டேன். யார் உதவிக்கும் காத்திருக்கவில்லை. எங்கிருந்து பலம் வந்ததோ. மூட்டையெல்லாம் பிரித்துவிட்டேன். நான் வரவில்லை. ஒளிந்துகொண்டு சொல்லவில்லை, உங்களுக்கு நேராகச் சொல்கிறேன். அவன் இருக்கிறவரை இந்த வீட்டிலிருந்து ஒரு ஸ்டூலைக்கூட நகர்த்த மாட்டேன்.

சுதா

*

புட்டிபோரி
12 ஜூலை 2025

சுதா,

எழுதி எழுதிக் கிழித்தேன். அதனால் தாமதம்.

ஏப்ரலில் நான் கிளம்பும்போது அவன் என் பையை முகர்ந்தான். முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. "பாரு, நாய்க்கே எம்மேல கோபம்" என்றேன். நீ சிரித்தாய். அது கோபமில்லை என்று இப்போது தெரிகிறது. எனக்கு வேலையில் மனம் ஓடவில்லை. தப்பான அளவில் ஒரு துண்டை வெட்டிப் போட்டுவிட்டேன்.

நேற்று கண்ணை மூடிக்கொண்டு இந்த வீட்டில் நடந்து பார்த்தேன். ஒரு ஹால், இரண்டு அறை, அவ்வளவுதான். அதிலேயே முட்டியை இடித்துக்கொண்டேன். பக்கெட்டைத் தட்டிவிட்டேன். நான் இங்கே வந்து மாதக்கணக்காகிறது.

நீ வராதே. பீரோ அங்கேயே இருக்கட்டும். பாபு விஷயத்தையும் மறந்துவிடு. நான் சமாளித்துக்கொள்வேன். என்ன, ஒரு ஆளுக்கு என்ன பெரிய வேலை. ரிட்டயர் ஆக இன்னும் கொஞ்ச காலம்தான். அதுவரை நீ அங்கே, நான் இங்கே. நிறையப் பேர் அப்படி இருக்கிறார்கள்.

வாஷர் சாப்பிடுகிறானா?

ஹேமநாதன்

*

கொரட்டூர்
24 ஜூலை 2025

உங்களுக்கு,

மண்ணூர்பேட்டை அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். நான் தூக்கில் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். எதிரே பாபு.

"இன்னா அண்ணி, எப்டி கீறீங்க? அண்ணாத்தேக்கு கை எப்டி கீது? தையல் பிரிச்சாச்சா?"

"எந்தக் கை?"

அவன் முகம் போன போக்கைப் பார்க்கணும். "ஐயே, உனுக்குத் தெரியாதா? நாந்தான் உளறிட்டனா! அண்ணி, அண்ணாத்தேகிட்ட நான் சொன்னேன்னு சொல்லிக்காதே. பெரிசா ஒண்ணியும் இல்ல. ஒரே ஒரு வெரலு..."

தூக்கு கையிலிருந்து நழுவி, கூழெல்லாம் என் புடவையில். அம்மன் சன்னதி என்றும் பார்க்காமல் உங்களைத் திட்டினேன். பாபு என்னைப் பார்த்துப் பயந்து இரண்டடி தள்ளி நின்றான்.

விரல் போயிருக்கிறது! பாபுவுக்குத் தெரிகிறது, எனக்குத் தெரியவில்லை. 'வராதே, சமாளித்துக்கொள்வேன்' என்று எழுதினீர்களே, அதை எந்தக் கையால் எழுதினீர்கள்? இங்கே ஒன்று கண் தெரியவில்லை என்று சொல்லாமல் ஒரு வருஷம் நடந்துகொண்டிருக்கிறது. அங்கே ஒன்று கை போனதைச் சொல்லாமல் உட்கார்ந்திருக்கிறது. உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நான் ஒருத்தி, எதுவுமே தெரியாத முண்டம்.

உங்கள் நம்பரை பிளாக்கிலிருந்து எடுத்துவிட்டேன். ஆனால் கூப்பிடவில்லை. குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன், அழுதால் நீங்கள் "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்பீர்கள், மறுபடி கத்துவேன். நீங்களும் கூப்பிடாதீர்கள்.

பையில் புடவையை வைக்கிறேன். வெளியே எடுக்கிறேன். மறுபடி வைக்கிறேன். சமையல் பாதியில் ஸ்டவ்வை அணைத்துவிட்டு வாசலில் போய் நிற்கிறேன். வந்தால் அவன் அந்தப் புது வீட்டில் சுவர் சுவராக மோதிச் சாவான். வராவிட்டால் நீங்கள் ஒற்றைக் கையால் ரொட்டி பிய்த்துத் தின்பதை நினைத்து நான் சாவேன். எனக்கு ஒரு வழி சொல்லுங்கள். இந்தத் தடவையாவது பூசி மெழுகாமல் சொல்லுங்கள்.

சுதா

*

புட்டிபோரி
1 ஆகஸ்ட் 2025

சுதா,

எழுதியது வலது கையால். அடிபட்டது இடது.

மெஷினை இறக்கும்போது ஆள்காட்டி விரல் மாட்டிக்கொண்டது. நுனி இல்லை. மற்றதெல்லாம் இருக்கிறது. ஆறிவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை உன்னோடு போனில் பேசியபோது கையில் கட்டு இருந்தது. சட்டை பட்டன் போட முடியவில்லை. 'நீ வா' என்று சொல்ல வந்தேன். வலிக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை, நாயை விட்டுவிட்டு வா என்று வந்துவிட்டது. முதுகுக்குப் பின்னால் ஒளிந்தது நான்தான். போதுமா?

இப்போது வேலை பேசுவோம். டூல் ரூமுக்கு எது வந்தாலும் நாங்கள் முதலில் கேட்பது டிராயிங். டிராயிங் இல்லாமல் உளியைத் தொடமாட்டோம். எனக்கு நம் வீட்டின் டிராயிங் வேண்டும். சுவர் வேண்டாம். அவன் நடக்கிற வழி வேண்டும். எங்கே திரும்புகிறான், எதை உரசிக்கொண்டு போகிறான், வாசலுக்கும் தண்ணீர்க் கிண்ணத்துக்கும் எவ்வளவு தூரம், அவன் படுக்கிற சாக்குக்கும் கட்டில் காலுக்கும் எவ்வளவு. போனில் போட்டோ பிடித்து அனுப்பாதே, போட்டோவில் அளவு வராது. என் ஸ்டீல் டேப் டீவி ஸ்டாண்டு டிராயரில் இருக்கிறது.

நீ வரவேண்டும் என்று சொல்லவில்லை. வரவேண்டாம் என்றும் சொல்லவில்லை. டிராயிங் அனுப்பு.

ஹேமநாதன்

*

கொரட்டூர்
8 ஆகஸ்ட் 2025

உங்களுக்கு,

டேப் நீங்கள் சொன்ன டிராயரில் இல்லை. தையல் மெஷினுக்குள் இருந்தது. இந்த வீடு அவனுக்குத் தெரிந்த அளவுக்கு நம் இரண்டு பேருக்கும் தெரியாது.

சாக்பீஸை வைத்துக்கொண்டு அவன் பின்னாலேயே முட்டி போட்டு நகர்ந்தேன். அவன் போகிற வழியெல்லாம் தரையில் கோடு போட்டேன். என்னமோ புது விளையாட்டு என்று நினைத்து நின்று நின்று என் மூஞ்சியை நக்கினான். இப்போது வீடு முழுக்கக் கோடு. உதயகுமார் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, ஊட்டுக்குள்ள ரயில் வுடப் போறியா?" என்கிறான்.

பீரோவின் காலடியில் ஒரு இடத்தில் பெயிண்ட் போயிருக்குமே, நான்கூட அழுக்கு என்று சோப்புப் போட்டுத் தேய்ப்பேனே. அது அவன் தோளை உரசித் திரும்புகிற இடம். அங்கே திரும்பினால் சமையலறை நிலைப்படி நேரே வருகிறது. கட்டில் காலைத் தாடையால் ஒரு தடவை தொட்டுவிட்டுத்தான் சாக்கில் படுக்கிறான்.

இன்னொன்று. ஹால் நடுவில் காரணமே இல்லாமல் ஒரு வளைவு போகிறான். அங்கே ஒரு சாமான்கூட இல்லை, வெறும் தரை. கோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அப்புறம்தான் உறைத்தது. உங்கள் நாற்காலி இருந்த இடம். கண்ணில் பட்டால் துக்கமாக இருக்கிறது என்று மே மாசமே அதை மாடிக்கு ஏற்றிவிட்டேன். அவன் இன்னும் உங்கள் காலை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போகிறான். எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும்போல் இருந்தது, அழுதேன்.

காலண்டர் பின்பக்கத்தில் வரைந்து அளவெல்லாம் போட்டிருக்கிறேன். கோணலாக இருந்தால் திட்டாதீர்கள்.

சுதா

*

புட்டிபோரி
18 ஆகஸ்ட் 2025

சுதா,

டிராயிங் நன்றாக இருக்கிறது. அப்ரெண்டிஸ் பசங்களைவிடச் சுத்தம். ஒரே ஒரு அளவு விட்டுப்போயிருந்தது, நானே கணக்குப் போட்டுக்கொண்டேன்.

ஒரு சிக்கல். நம் வீட்டில் வாசலில் நுழைந்தால் வலப்பக்கம் சமையலறை, இடப்பக்கம் படுக்கையறை. இங்கே நேர்மாறு. இரண்டு நாள் யோசித்தேன். சுவரை மாற்ற முடியாது. ஆகவே வீட்டை மாற்றிவிட்டேன். படுக்கையறையில் அடுப்பு வைத்துவிட்டேன். சமையலறையில் கட்டில். மேடைக்குக் கீழே கால் போகிறது, தலைக்கு மேலே குழாய் சொட்டுகிறது. நேற்று அங்கேதான் படுத்தேன். வீட்டுக்காரர் பிரசன்னா வந்து பார்த்தார். நல்ல மனுஷர், ஒன்றும் கேட்கவில்லை, வாசல் வரை பின்பக்கமாகவே நடந்து போய்விட்டார்.

இங்கே பீரோ இல்லை, அதே உயரத்துக்கு ஒரு மரப்பெட்டியை அதே இடத்தில் தரையோடு முடுக்கியிருக்கிறேன். மூலையெல்லாம் அரம் போட்டு மழுக்கிவிட்டேன். நாற்காலி ஒன்று வாங்கி அந்த வளைவில் போட்டிருக்கிறேன். சாக்கு மட்டும் அங்கிருந்து வரவேண்டும். துவைக்காதே.

ஆவணி பிறந்துவிட்டது. சும்மா சொன்னேன்.

அடுப்பைப் பார்த்தால் நீ திட்டுவாய். வந்து திட்டு.

ஹேமநாதன்

*

கொரட்டூர்
26 ஆகஸ்ட் 2025

உங்களுக்கு,

இது உங்கள் கைக்கு வருவதற்குள் நாங்களே வந்துவிடுவோம். பின்னே எதற்கு எழுதுகிறாய் என்பீர்கள். சும்மா உட்கார முடியவில்லை, அதற்குத்தான்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கிளம்புகிறோம். ஆவடியிலிருந்து கால் டாக்ஸி ஓட்டுகிற தேவாவைப் பிடித்திருக்கிறேன். கண் தெரியாத கிழநாய், வழியில் ஏதாவது ஆகிவிட்டால் என்று இழுத்தேன். "நாய்தானேக்கா, யானையவா இட்டுகினு போறோம்? பின்சீட்ட மடிச்சுட்டு மெத்தை போட்டா ராஜா மாரி வந்துரும். நடுவுல தங்கி தங்கிப் போலாம். நீ அழுதுகினே வராம இருந்தா போதும்" என்கிறான்.

சபீனா டாக்டர் வழிக்கு மருந்து கொடுத்திருக்கிறார். ஏரிக்கரையில் அவனைக் கொஞ்ச நேரம் உட்கார வைத்துவிட்டு வந்தேன். காற்றை முகர்ந்துகொண்டே இருந்தான். போகலாமா என்று கேட்டேன். அவனா பதில் சொல்லப் போகிறான். மத்தியானம் வரை போகவேண்டாம் என்று இருந்தேன், இப்போது போகலாம் என்று இருக்கிறேன். ராத்திரி என்ன சொல்வேனோ தெரியாது. பீரோவை நகர்த்தவே இல்லை. வீட்டைப் பூட்டுகிறவரை அது அங்கேயே நிற்கட்டும்.

எனக்குப் பயமாக இருக்கிறது. அவனுக்காக மட்டும் இல்லை. நீங்கள் அன்றைக்குக் கேட்டீர்களே, கால் வராதது யாருக்கு என்று. எனக்கும்தான்.

சுதா

*

உங்கள் வீடு
1 செப்டம்பர் 2025

உங்களுக்கு,

நீங்கள் ஷிப்டில் இருக்கிறீர்கள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதமா என்று சிரிக்காதீர்கள். வாயால் சொன்னால் அழுதுவிடுவேன். வந்தன்றைக்கு அடுப்பைப் பார்த்துக் கத்தியதே போதும்.

நேற்று முழுக்க அவன் கட்டிலுக்கு அடியில் உங்கள் லுங்கிமேல் படுத்துக்கொண்டு வெளியே வரவே இல்லை, பார்த்தீர்கள் அல்லவா? தண்ணீரையும் உங்கள் உள்ளங்கையில்தான் நக்கினான். நீங்கள் போட்ட அளவெல்லாம் வீண் என்று நினைத்தேன். காலையில் நீங்கள் கிளம்பும்போது வாய் வரை வந்தது, சொல்லவில்லை. கூட்டிக்கொண்டு வந்திருக்கவே கூடாது, தேவாவைத் திருப்பிக் கூப்பிடலாமா என்றுகூட நினைத்தேன்.

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. கறுத்துக்கொண்டு வந்தது, ஜன்னலையெல்லாம் சாத்தினேன். கரண்டும் போய்விட்டது. பட்டப்பகலில் கும்மிருட்டு. போன் எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. பழக்கமில்லாத வீடு, ஊர், பாஷை. கட்டிலில் உட்கார்ந்தபடி, ஐயோ எங்கே வந்து மாட்டிக்கொண்டோம் என்று புலம்பிக்கொண்டிருந்தேன்.

அடுப்புப் பக்கத்தில் இருக்கிற தீப்பெட்டியை எடுக்கலாம் என்று எழுந்தேன். எழுந்து நடந்தேன். கையை நீட்டினேன். தீப்பெட்டி கையில் இருந்தது.

அப்புறம்தான் புரிந்தது. எதிலும் இடிக்கவில்லை. எங்கே திரும்பவேண்டும் என்று யோசிக்கவே இல்லை. அந்த நாற்காலியைக்கூடச் சுற்றிக்கொண்டுதான் வந்திருக்கிறேன். நீங்கள் வீட்டை அவனுக்காக அடுக்கினீர்கள், நடந்தது நான்.

குச்சியைக் கிழிக்காமல் அப்படியே நின்றேன். பின்னால் நகம் தரையில் தட்டுகிற சத்தம். மெதுவாக வந்தது. மரப்பெட்டியில் ஒரு உரசல். கொஞ்சம் நின்றது. அப்புறம் கிண்ணத்தில் தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டது. குடித்துக்கொண்டே இருந்தான்.

எத்தனை நாள் இருப்பானோ, அதை நான் இனி யாரிடமும் கேட்கப் போவதில்லை. கை கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள், ரசம் வைத்திருக்கிறேன். அந்தக் குழாய் சொட்டுவதை நிறுத்துங்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் மாற்றிவிடலாம் என்றீர்களே, வேண்டாம். அடுப்பு படுக்கையறையிலேயே இருக்கட்டும்.

அன்புள்ள
சுதா